திரும்பி வரும் நேரத்தை யாரிடம் சொன்னீர்கள்?

போன இதழில் ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது, "ஒரு முறையாவது தனியாக மலையேறிப் பாருங்கள்" என்று போகிற போக்கில் சொல்லியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதி திட்டு, பாதி கேள்வி. திட்டுகளைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன். கேள்விகளுக்கு இந்த முறை பதில்.

நண்பர்கள் யாருக்கும் ஒரே நேரத்தில் லீவு கிடைப்பதில்லை. தனியாகவே மூன்று நாள் மலையேற்றம் போய்விடலாம் என்று இருக்கிறேன். அம்மா விடமாட்டேன் என்கிறார். யார் பக்கம் நியாயம்?
– கல்லூரி மாணவர் ஒருவர்

அம்மா பக்கம்தான் கொஞ்சம் அதிகம், தம்பி. ஆனால் அவர் பயப்படுகிற காரணம் வேறாக இருக்கலாம்.

தனியாகப் போவதால் கால் கூடுதலாக இடறாது. நாலு பேராகப் போனாலும் கணுக்கால் சுளுக்கத்தான் செய்யும். வித்தியாசம் அதற்கு அப்புறம் ஆரம்பிக்கிறது. நாலு பேர் இருந்தால் ஒருவர் உங்கள் பக்கத்தில் உட்காருவார், இரண்டு பேர் கீழே இறங்கி ஆளைக் கூட்டி வருவார்கள். மாலைக்குள் கதை முடிந்துவிடும். அதே சுளுக்கு தனியாக இருக்கும்போது வந்தால், இரண்டு மணி நேரத்தில் இறங்க வேண்டிய பாதை எட்டு மணி நேரம் ஆகும். நடுவில் இருட்டிவிடும், குளிரும், தண்ணீர் தீர்ந்துவிடும். சின்ன விபத்து என்று ஒன்று தனியாகப் போகிறவருக்குக் கிடையாது.

ஆரன் ரால்ஸ்டன் என்ற அமெரிக்கர் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2003 ஏப்ரலில் யூட்டா மாநிலத்தில் புளூஜான் என்ற குறுகலான பள்ளத்தாக்கில் தனியாக இறங்கினார். ஒரு பாறை நகர்ந்து அவருடைய வலது கையைச் சுவரோடு சேர்த்து நசுக்கிவிட்டது. ஐந்து நாள் அங்கேயே நின்றார். கடைசியில் சின்னக் கத்தியால் தன் கையைத் தானே வெட்டிக்கொண்டு வெளியே வந்தார். அனுபவமில்லாதவர் அல்ல, கொலராடோவின் உயரமான சிகரங்களில் குளிர்காலத்தில் தனியாக ஏறிப் பழகியவர். எல்லோரும் அந்தக் கத்தியைப் பற்றியே பேசுகிறார்கள். நான் பேச விரும்புவது வேறு: எங்கே போகிறேன் என்று அவர் யாரிடமும் சொல்லிவிட்டுப் போகவில்லை. ஒரு துண்டுச் சீட்டு எழுதி வைத்திருந்தால் தேடுகிறவர்களுக்கு எங்கே பார்ப்பது என்றாவது தெரிந்திருக்கும்.

நீங்கள் போகலாம், ஆனால் மூன்று நாளில் ஆரம்பிக்காதீர்கள். ஏற்கெனவே நண்பர்களோடு போன பாதை, ஆள் நடமாட்டம் உள்ள பாதை, காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புகிற தூரம் – முதலில் அது. பிறகு ஒரு ராத்திரி. மூன்று நாள் எங்கேயும் ஓடிவிடாது.

நண்பர்களோடு இருக்கும்போது செய்கிற சில காரியங்களைத் தனியாக இருக்கும்போது செய்யக் கூடாது. பாறைக்குப் பாறை தாவுவது, வளைந்து போகிற பாதையை விட்டுக் குறுக்கே இறங்குவது, திரும்ப இறங்க முடியுமா என்று பார்க்காமல் ஏறுவது. அப்புறம், எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதைக் காலையில் கிளம்பும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். உச்சி கண்ணுக்குத் தெரிந்த பிறகு மனது பேரம் பேச ஆரம்பிக்கும். கூட இருப்பவர் "போதும்டா, வா" என்று இழுப்பார். தனியாக இருந்தால் அந்த வேலையைக் காலையில் எழுதி வைத்த மணிதான் செய்ய வேண்டும்.

போனில் ஜிபிஎஸ் இருக்கும்போது வரைபடமும் திசைகாட்டியும் எதற்கு? பழைய காலத்து ஆட்கள் விடமாட்டேன் என்கிறீர்களே!
– ஐ.டி. துறை வாசகர்

வரைபடம் தயாரிக்கிற வேலையில் பாதி ஆயுளைக் கழித்தவள் நான். என்னிடம் இதைக் கேட்டால் நியாயமான பதில் கிடைக்காது. இருந்தாலும் முயல்கிறேன்.

உங்கள் போன் நல்ல கருவிதான். சிக்னல் இல்லாவிட்டாலும், ஏரோபிளேன் மோடில் போட்டாலும், ஜிபிஎஸ் வேலை செய்யும். ஆனால் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் வெள்ளைத் திரையில் ஒரு நீலப் புள்ளி மட்டும் தெரியும். சிக்னல் இல்லாத இடத்தில் போன் டவரைத் தேடித் தேடியே பேட்டரியைத் தீர்த்துவிடும் என்பதால் ஏரோபிளேன் மோடுதான் நல்லது. குளிரில் பேட்டரி இன்னும் சீக்கிரம் படுத்துவிடும். போனைப் பையின் வெளி ஜிப்பில் வைக்காமல் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவும் செய்த பிறகு அது பாறையில் விழுந்து உடைந்தால்? அதற்குத்தான் காகிதம்.

"எனக்குத் திசை நன்றாகத் தெரியும்" என்பவர்களுக்கு ஒரு செய்தி. 2009-இல் ஜெர்மனியின் டூபிங்கன் நகரத்து ஆய்வாளர்கள் ஆட்களை அழைத்துப் போய், ஒரு பெரிய காட்டிலும் சகாரா பாலைவனத்திலும் நேராக நடக்கச் சொன்னார்கள். சூரியனோ நிலாவோ தெரிந்தவரை ஓரளவு நேராக நடந்தார்கள். மேகம் மூடியதும் வட்டமடித்தார்கள். தாங்கள் நடந்த தடத்தையே குறுக்கே வெட்டிப் போனார்கள். அப்படி வட்டமடிக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியவும் இல்லை. கண்ணைக் கட்டிவிட்டபோது சிலருடைய வட்டம் 20 மீட்டர் அகலத்துக்குச் சுருங்கிவிட்டது.

2013-இல் அமெரிக்காவின் அப்பலேச்சியன் பாதையில் 66 வயதுப் பெண் ஒருவர் மெய்ன் மாநிலக் காட்டில் தனியாக நடந்துகொண்டிருந்தார். கழிப்பிடத் தேவைக்காகப் பாதையை விட்டு ஒதுங்கினார். அவ்வளவுதான். திரும்பப் பாதை கிடைக்கவில்லை. கணவருக்கு அனுப்பிய குறுஞ்செய்திகள் போகவே இல்லை. சிக்னல் கிடைக்கும் என்று மேட்டைத் தேடி மேலே ஏறியதில் பாதையிலிருந்து இன்னும் விலகிவிட்டார். பெரிய தேடுதல் நடந்தது. மூன்று வாரத்துக்கும் மேல் உயிரோடு இருந்து, கூடாரத்தில் குறிப்புகள் எழுதிக்கொண்டிருந்திருக்கிறார். அந்தக் கூடாரம் கண்டுபிடிக்கப்பட்டது 2015 அக்டோபரில்.

இந்தச் சம்பவத்தைப் படித்த நாளிலிருந்து நான் பாதையை விட்டு ஒதுங்க நேர்ந்தால், கையிலிருக்கும் ஊன்றுகோலைப் பாதை ஓரத்தில் குத்திவைத்துவிட்டு, அது கண்ணில் படுகிற தூரம் வரை மட்டும் போகிறேன். வெட்கத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம். காட்டில் யார் பார்க்கப் போகிறார்கள்? பையை மட்டும் விட்டுவிட்டுப் போகாதீர்கள். தண்ணீரும் விசிலும் அதற்குள் இருக்கின்றன.

வழி தவறிவிட்டது என்று தோன்றினால் உட்காருங்கள். தண்ணீர் குடியுங்கள். கடைசியாக எந்த இடத்தில் சந்தேகம் இல்லாமல் இருந்தீர்கள் என்று யோசியுங்கள். அந்த இடத்துக்கு வந்த வழியிலேயே திரும்ப முடியும் என்று உறுதியாகத் தெரிந்தால் போங்கள், தெரியாவிட்டால் இருந்த இடத்திலேயே இருங்கள். நடந்துகொண்டே இருக்கிறவரைத் தேடுவது மிகவும் கஷ்டம்.

எனக்கு 63 வயது. இவ்வளவு நாள் குடும்பம், பள்ளிக்கூடம் என்று ஓடிவிட்டது. இனிமேல் தனியாக நடக்க ஆசைப்படுவது அதிகப்படியா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை

டீச்சர், எம்மா கேட்வுட் என்று ஒரு அம்மா. பதினொரு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர். 1954-இல் மெய்ன் மாநிலத்திலிருந்து அப்பலேச்சியன் பாதையில் நடக்கப் புறப்பட்டார். வழி தவறியது, கண்ணாடி உடைந்தது, வனக் காவலர்கள் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். போனார். மறு வருஷம், 67 வயதில், பாதையின் தென்முனையிலிருந்து மறுபடி கிளம்பினார். தோளில் தானே தைத்த துணிப்பை, காலில் சாதாரணக் கேன்வாஸ் ஷூ. கூடாரம் கிடையாது. செப்டம்பரில் வடமுனையை எட்டினார். 3,000 கிலோமீட்டருக்கும் மேலான அந்தப் பாதையை ஒரே பருவத்தில் தனியாக நடந்து முடித்த முதல் பெண் அவர்தான். அதற்கப்புறமும் அதை விடவில்லை.

1954-இல் அவர் திரும்பிப் போனதுதான் எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த பகுதி.

முதலில் மருத்துவரிடம் இதயத்தைக் காட்டிவிடுங்கள். மலையில் திடீரென்று இறப்பவர்களில் கணிசமானவர்கள் விழுந்து இறப்பதில்லை. பழக்கமில்லாத ஏற்றத்தில் இதயம் நின்றுவிடுகிறது. தினமும் சாப்பிடுகிற மாத்திரைகளை இரண்டு நாளுக்குக் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். முழங்காலுக்கு ஊன்றுகோல் இரண்டு. இறங்கும்போதுதான் அதன் அருமை தெரியும்.

பாம்பு கடித்தால் தனியாக இருப்பவர் என்ன செய்வது?
– பெயர் எழுதாத வாசகர்

கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, இறுக்கிக் கட்டக் கூடாது. மோதிரம், வாட்ச் இருந்தால் வீங்கும் முன் கழற்றுங்கள். கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்துக்கொண்டு உதவியைக் கூப்பிடுங்கள். கூப்பிட வழியே இல்லை, யாரும் வரப்போவதும் இல்லை என்றால் மட்டும் ஓடாமல் மெதுவாக நடந்து இறங்குங்கள். பாம்பைத் தேடி அடிக்கப் போய் இரண்டாவது கடி வாங்காதீர்கள்.

பாம்பைப் பற்றி எனக்கு வருகிற கேள்விகளில் பத்தில் ஒரு பங்காவது ஆற்றைப் பற்றி வந்தால் சந்தோஷப்படுவேன். முழங்கால் அளவு வேகமான தண்ணீர் ஆளைத் தள்ளிவிடும். குழுவாக இருந்தால் தோளைப் பிடித்துக்கொண்டு கடக்கலாம். தனியாக இருந்தால் அகலமாக, ஆழமில்லாமல் பிரிந்து ஓடுகிற இடத்தைத் தேடுங்கள். பையின் இடுப்புப் பட்டையைக் கழற்றிவிட்டு, ஷூவோடு இறங்குங்கள். சந்தேகமாக இருந்தால் காத்திருங்கள். பனி உருகி வருகிற ஓடை விடியற்காலையில் வடிந்திருக்கும், மழையால் பெருகியதும் மழை நின்றால் இறங்கும். 'நான் கடந்துவிட்டேன், ஒன்றும் ஆகாது' என்று சொல்பவர் பிழைத்தவர். மூழ்கியவரைக் கேட்டுப் பார்க்க முடியாது.

உண்மையைச் சொல்லுங்கள், மேடம். இவ்வளவு ஆபத்துக்கும் ஈடாகத் தனியாகப் போவதில் அப்படி என்னதான் இருக்கிறது?
– 'திட்டு' கடிதங்களில் ஒன்றிலிருந்து

நல்ல கேள்வி, திட்டோடு வந்தாலும்.

முதல் மணி நேரத்தில் ஒன்றுமே இருக்காது. மண்டைக்குள் ஒரு சினிமாப் பாட்டின் ஒரே வரி திரும்பத் திரும்ப ஓடும். ஆபீஸில் யாரோ சொன்னதற்கு அன்றைக்குச் சொல்லாமல் விட்ட பதில் இப்போது பிரமாதமாக வரும். இது கொஞ்ச நேரத்தில் தானாகத் தேய்ந்துவிடும். அதற்கப்புறம் காது திறக்கும். குழுவாக நடக்கும்போது நமக்குக் கேட்பது நம் பேச்சுதான். தனியாக நடக்கிறவருக்கு, தண்ணீர் கண்ணில் படுவதற்கு முன்னால் சத்தம் வந்துவிடும். ஒரு பறவை அலறினால் தலை தானாகத் திரும்பும். எதைப் பார்த்து அலறியது என்று நின்று பார்க்க நேரம் இருக்கும். "என்ன நின்றுவிட்டாய்?" என்று கேட்க ஆள் இல்லை.

எனக்கு இதில் பெரிய சுகம் வேகம்தான். குழுவில் எப்போதும் யாரோ ஒருவருக்கு மூச்சு வாங்கும், யாரோ ஒருவர் முன்னால் ஓடுவார், எல்லோரும் எல்லோருக்காகவும் கொஞ்சம் நடித்துக்கொண்டிருப்போம். தனியாக இருந்தால் களைத்தபோது உட்காரலாம். ஒரு பாறையின் மேல் எறும்பு வரிசையைப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் போக்கலாம். மழை வரும் போலிருந்தால் யாரையும் கேட்காமல் திரும்பலாம். அந்தத் திரும்புதல் குழுவில் எவ்வளவு கஷ்டம் தெரியுமா? ஆறு பேரில் நாலு பேருக்குத் திரும்ப ஆசை இருக்கும், யாரும் முதலில் வாய் திறக்க மாட்டார்கள். துணை இருந்தால் எப்போதுமே பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

இன்னொன்று, தனியாகப் போகிறவரிடம்தான் வழியில் பார்க்கிறவர்கள் பேசுவார்கள். நாலு பேர் கூட்டத்தை யாரும் நிறுத்திப் பேசுவதில்லை.

பிடிக்காத பகுதியும் உண்டு. பொழுது சாய்கிற நேரம் மனது கனக்கும். கூடாரத்தில் முதல் ராத்திரி தூக்கம் வராது. காய்ந்த இலைமேல் எலி ஓடினாலும் கரடி போலக் கேட்கும். இதெல்லாம் பழகும் என்று சொல்ல மாட்டேன். சிலருக்குப் பழகுவதே இல்லை. இரண்டு முறை போய்ப் பார்த்துவிட்டு 'எனக்கு வேண்டாம்' என்று முடிவு செய்தால் அதில் அவமானம் ஒன்றும் இல்லை.

காட்டில் எனக்கு மிருகங்களைவிட மனிதர்களிடம்தான் பயம். பெண்கள் தனியாகப் போவது பற்றி?
– வாசகி

புரிகிறது, அம்மா. அந்த பயத்தை யாராவது கேலி செய்தால் கண்டுகொள்ளாதீர்கள். உள்ளே போகப் போக ஆள் குறைவு. கவனம் தேவைப்படுவது பெரும்பாலும் சாலையையும் வண்டி நிறுத்தும் இடத்தையும் ஒட்டித்தான். அதனால் கூடாரத்தைச் சாலைப் பக்கத்தில் போடாதீர்கள். இருக்கும் இடத்தை அன்றைக்கே சமூக ஊடகத்தில் போடாதீர்கள், படங்கள் வீடு திரும்பிய பிறகு போகட்டும். "தனியாகவா?" என்று யாராவது கேட்டால், "பின்னால் வருகிறார்கள்" என்று சொல்லலாம். இந்தப் பொய்க்குப் பாவம் கிடையாது. ஓர் ஆள் மனதுக்குச் சரியாகப் படவில்லை என்றால் காரணம் தேடிக்கொண்டு நிற்காமல் நகருங்கள்.

குளிரும் உயரமும் தனியாக இருப்பவருக்கு மட்டும் ஏன் கூடுதல் ஆபத்து? உடம்பு எல்லோருக்கும் ஒன்றுதானே?
– உயிரியல் படிக்கும் மாணவி

உடம்பு ஒன்றுதான். ஆனால் இந்த இரண்டும் முதலில் தாக்குவது புத்தியை.

உடல் வெப்பம் குறையும்போது நடுக்கம் வரும், விரல் தடுமாறும், பேச்சு குழறும். குழறுவது பக்கத்தில் இருப்பவருக்குத்தான் தெரியும். குழறுகிறவருக்குத் தான் நன்றாக இருப்பதாகவே தோன்றும். இதற்கு உறைபனி தேவையில்லை. நனைந்த உடையும் காற்றும் சேர்ந்தால் 10 டிகிரி வெப்பநிலையே போதும். நூறு மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 0.65 டிகிரி குறையும் என்று வைத்துக்கொண்டால், அடிவாரத்தில் இதமாக இருக்கிற நாள் ஆயிரம் மீட்டர் மேலே எப்படி இருக்கும் என்று நீங்களே கணக்குப் போடலாம். நனைந்த பருத்தி உடை உடம்பிலிருந்து சூட்டை உறிஞ்சும். கம்பளியோ செயற்கை இழையோ போடுங்கள். உலர்ந்த உடை ஒன்றை பிளாஸ்டிக் பையில் சுற்றித் தனியாக வையுங்கள்.

உயரமும் அப்படித்தான். 2,500 மீட்டருக்கு மேல் தலைவலி, குமட்டல் வந்தால் அதை உயர நோய் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 3,000-க்கு மேல் தூங்குகிற இடத்தை ஒரு நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாதீர்கள்.

கூட யாரும் இல்லாததால், பார்க்க வேண்டியவரும் நீங்களே. நான் இரண்டு சோதனை வைத்திருக்கிறேன். சட்டை ஜிப்பைத் தடுமாறாமல் போட முடிகிறதா? குதிகாலைக் கட்டைவிரலோடு ஒட்டி வைத்து, கோடு மேல் நடப்பது போல் பத்து அடி நேராக நடக்க முடிகிறதா? முதலாவது முடியாவிட்டால் உடனே ஒதுங்கி, உடை மாற்றி, எதையாவது சாப்பிட வேண்டும். இரண்டாவது முடியாவிட்டால் அப்போதே இறக்கம். இருட்டாக இருந்தாலும், உச்சி பக்கத்தில் இருந்தாலும்.

என் மகன் தனியாகத்தான் போவேன் என்கிறான். தடுக்க முடியவில்லை. வீட்டில் இருக்கிற நான் என்ன செய்ய வேண்டும்?
– ஒரு தந்தை

ஐயா, தனியாகப் போகிறவருக்கும் ஒரு துணை உண்டு. அது வீட்டில் இருக்கிறது. நீங்கள்தான்.

அவன் கிளம்பும் முன் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்: எந்தப் பாதை, எங்கே தங்கல், பை என்ன நிறம், உடை என்ன நிறம், எத்தனை மணிக்குக் கீழே வருவான், எத்தனை மணிக்குள் போன் வராவிட்டால் நீங்கள் மீட்புக் குழுவைக் கூப்பிட வேண்டும், அந்த எண் என்ன. இதில் கடைசி இரண்டும் இல்லாத தாள் வீண். 'ராத்திரிக்குள் வந்துவிடுவேன்' என்பது நேரம் குறித்ததாகாது.

அவன் சொல்கிற நேரம் சரிதானா என்று பார்க்க 1892-இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன கணக்கு இன்னும் உதவுகிறது. 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி நேரம் கூட்டுங்கள். 12 கிலோமீட்டர், 900 மீட்டர் ஏற்றம் என்றால் ஏறக்குறைய நாலு மணி நேரம். இதில் ஓய்வு கிடையாது, பை கனம் கிடையாது. நான் ஒன்றரை மடங்காக்கி ஆறு மணி நேரம் என்று எழுதுவேன். உங்கள் மகன் மூன்று மணி நேரம் என்று எழுதியிருந்தால் உட்கார வைத்துப் பேசுங்கள்.

ஒரு விசில் வாங்கிக் கொடுங்கள். கத்தினால் தொண்டை போய்விடும், விசில் போகாது. ஆல்ப்ஸ் மலைப் பகுதியில் தொடங்கிய வழக்கப்படி நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊத வேண்டும். வட அமெரிக்காவில் மும்மூன்றாக ஊதுவார்கள். ராத்திரியில் டார்ச்சை வைத்தும் இதையே செய்யலாம். வசதி இருந்தால் செயற்கைக்கோள் வழியாக ஆபத்துச் செய்தி அனுப்பும் கருவியும் வாங்கலாம். 406 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் வகையை அவன் பெயரில் பதிவு செய்ய வேண்டும். ஆனால் சில நாடுகளில் செயற்கைக்கோள் கருவிகளை அனுமதி இல்லாமல் வைத்திருந்தால் கைது வரை போகும். போகும் நாட்டின் சட்டத்தை முதலில் பாருங்கள்.

குறித்த மணி தாண்டியதும் 'இன்னும் கொஞ்சம் பார்க்கலாம், அவமானமாகப் போய்விடும்' என்று தயங்காதீர்கள். அவனும் திரும்பியதும் முதல் வேலையாக உங்களுக்குப் போன் செய்ய வேண்டும். குளித்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு, தூங்கி எழுந்து செய்கிற பிள்ளைகளால் மீட்புக் குழுவினர் ராத்திரி முழுக்க வெறுங்காட்டில் அலைந்திருக்கிறார்கள்.

நாயைக் கூட்டிக்கொண்டு போனால் அது தனியா, துணையா?
– பள்ளி மாணவி

துணைதான், ஆனால் தாள் எழுதி வைப்பதிலிருந்து தப்பிக்க முடியாது! நாய்க்குக் காதும் மூக்கும் நம்மைவிடக் கூர்மை. ராத்திரியில் நம்பிக்கையாகவும் இருக்கும். கயிறு இல்லாமல் விட்டால் மட்டும் தொந்தரவு: முன்னால் ஓடிப் பெரிய மிருகம் எதையாவது சீண்டிவிட்டு, அது துரத்த, நேராக உன்னிடமே ஓடிவரும். பல சரணாலயங்களிலும் தேசியப் பூங்காக்களிலும் நாய்க்கு அனுமதியே இல்லை, முதலில் அதை விசாரி. தண்ணீரை இரண்டு பேருக்கும் சேர்த்துச் சுமக்க வேண்டியவள் நீதான்.